சாம்பியன் தலை சாய்த்த சுவர்

துரத்திவிட்டார்களாம்! நாக்கு மேல் பல்லைப் போட்டு எப்படித்தான் பேச வருகிறதோ. அவளை யாரும் துரத்தவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை, மூட்டையைத் தூக்கித் தெருவில் வீசவில்லை. மருந்துக்கடைக்காரி சொல்கிறாள், "போலீஸ் வந்துதான் வெளியேத்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்று. அவள் கடை இருப்பது தெருவின் அந்தக் கோடியில். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் அந்த வீட்டின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும், வாசல் எங்கே தெரியப்போகிறது? போலீஸ்காரர் ஒருவர் வந்தது நிஜம். கார்களை ஓரமாக விடச் சொல்லிவிட்டு, நின்றபடியே ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். போலீஸ் கதை அவ்வளவுதான்.

தையல்கடைக்காரர் அவளுக்கும் ஒரு படி மேலே. "பொறாமைங்க. பெரிய மனுஷனோட அடையாளம் எதுவும் மிஞ்சக்கூடாதுன்னு வேணும்னே அழிச்சா. மாட்டிக்கிட்டதும் ஓடிட்டா." பொறாமையாம்! செத்து நாற்பது வருஷம் ஆன ஒரு சதுரங்க ஆட்டக்காரர் மேல், கட்டத்தில் குதிரை எது மந்திரி எது என்று தெரியாத ஒருத்திக்கு எங்கிருந்து பொறாமை வரும்? இவர்கள் அவளுக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் என்ன தெரியுமா? தலையழிச்சவ. ஏதோ அரிவாளை எடுத்து யார் தலையையோ சீவி எறிந்த மாதிரி.

அவள் அழித்தது ஓர் எண்ணெய்க் கறை. அதுவும் அவள் உழைத்து வாங்கிய வீட்டில், அவள் படுக்கிற அறையில், அவள் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்த கறை. நடந்ததை நடந்தபடி ஒரு தடவை கேட்கட்டும். அப்புறம் அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொள்ளட்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சலவை அக்கா என்று பேர். டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார், வாசலில் நிற்கிற காவலாளியும் அப்படித்தான். அவள் வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர். மகனுக்கு ஏழு வயது இருக்கும்போது ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தான் தள்ளிய ஸ்ட்ரெச்சரிலேயே படுத்துப் போனார். அவருக்குப் பதிலாக இவளைச் சலவைக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் அங்கேதான்.

வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் துணி வரும். சிமெண்ட் மேடையில் கொட்டிப் பிரிக்க வேண்டும். விரிப்புக்குள் ஊசி இருக்கும், கத்தரி இருக்கும், ஒரு தடவை யாரோ கழற்றி வைத்த பல்செட் இருந்தது. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர். வெந்நீரில் போட்டால் கறையும் சேர்ந்து வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க் கறைக்குக் கொதிக்கிற தண்ணீரும் சலவைச் சோடாவும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள்தான், ஆனால் கறை விஷயத்தில் அவளை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை.

கடைசிப் பத்து வருஷம் அவள் பார்த்தது தலையணை உறை மட்டும். நாளைக்கு நானூறு உறை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, "இது மூணு நாள் தலை, இது பத்து நாள் தலை" என்று சொல்லிவிடுவாள். வார்டில் உறை மாற்றாமல் ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் தலைமை நர்ஸே படியிறங்கி வருவார்.

"அக்கா, நேத்துதான் மாத்தினோம்னு சாதிக்கிறாங்க. நீங்க சொல்லுங்க."

"நேத்தா? வாரம் ஆச்சு சிஸ்டர். புது எண்ணெய் மேலயே நிக்கும், தொட்டா விரல்ல வரும். பழசு உள்ள எறங்கி மஞ்சக் கட்டிடும். இது கட்டிருச்சு பாருங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் விசாரணை கிடையாது. அந்த வார்டு ஆளுக்கு அன்றைக்குச் சரியான டோஸ் விழும்.

குடியிருப்பும் சலவைக்கூடத்துக்குப் பின்னாலேயே. ஒற்றை அறை. கொதிகலனின் ஆவி கூரை இடுக்கு வழியாக இறங்கி, சுவர் வருஷம் முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கும். மகனின் பள்ளிப் புத்தகத்தில் பூசணம் பூக்கும். ஒவ்வொரு தாளாக இஸ்திரிப் பெட்டியை லேசாக ஒற்றிக் காயவைத்துக் கொடுப்பாள். அங்கிருந்தே அவனைப் படிக்கவைத்து, கல்லூரி நூலகத்தில் எழுத்தர் ஆக்கினாள், கல்யாணமும் செய்துவைத்தாள். அவளுக்கென்று இருந்த ஆசை ஒன்றே ஒன்று. காய்ந்த சுவர் உள்ள ஒரு வீடு. கட்டிலை இங்கே போடாதே அங்கே போடாதே என்று யாரும் சொல்லாத வீடு. கண்ணை மூடுகிறவரைக்கும் அதில் இருக்க வேண்டும்.

வேலை முடிந்து கையில் வந்த மொத்தத் தொகையோடு அவள் வீடு தேடியபோதுதான் தரகர் இந்த வீட்டைக் காட்டினார்.

"அம்மா, இது சாதாரண வீடு இல்ல. சாம்பியன் வாழ்ந்த வீடு. பக்கத்து தேசத்து ஆளு ஒருத்தன் யார்கிட்டயும் தோத்ததே இல்லன்னு மாரைத் தட்டிட்டுத் திரிஞ்சான். அவனை இங்கிருந்து போயி மண்ணைக் கவ்வ வெச்ச மனுஷன்."

"அதெல்லாம் இருக்கட்டும். கூரை ஒழுகுதா?"

"ஒழுகாது."

"மாடியறைக்கு வெயில் வருமா?"

"காலையிலயிருந்து சாயங்காலம் வரைக்கும்."

அவள் மாடியேறினாள். கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றாள். சுவர் கதகதப்பாக, எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டாள். வீடு விலை குறைச்சலாக வந்ததற்குக் காரணம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த மாடியறையைப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்பதைத் தரகர் காதும் காதும் வைத்த மாதிரி மறைத்துவிட்டார்.

பத்திரப் பதிவன்று இன்னொரு காரியம் நடந்தது. எழுத்தர் மைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கைநாட்டா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற மகன் கீழே பார்த்தான். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"என் பேர் எதுக்கு? பையன் பேர்லயே எழுதிடுங்க. நான் என்ன வீட்டைத் தலையில தூக்கிட்டா போகப்போறேன்?"

மகன் பேனாவை எடுத்து அழகாக, சுழித்துக் கையெழுத்துப் போட்டான். அதைப் பார்த்து அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

குடிவந்த அன்றே கட்டிலை மாடியறையில் கிழக்குச் சுவரோரம் போட்டாள். தலைமாட்டில், சுண்ணாம்புச் சுவரில், தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். பார்த்ததும் கை பரபரத்தது. அது அவள் குற்றம் என்றால் முப்பத்திரண்டு வருஷ வேலையும் குற்றம்தான். அவள் கண்ணுக்கு அது தலை எண்ணெய், வேறெதுவும் இல்லை. கட்டைவிரலால் தொட்டாள், விரலில் வந்தது. "கூடிப் போனா ரெண்டு வருஷத்துக் கறை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெந்நீரில் சோடாவைக் கரைத்து, துணியைப் பிழிந்து நாலு ஒற்று ஒற்றினாள். கறை போயிற்று. அதன் மேல் ஒரு கை சுண்ணாம்பு. நிம்மதியாகச் சாய்ந்தாள். அந்த வீட்டில் அவள் நிம்மதியாகச் சாய்ந்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் ஞாயிறு. காலையில் கதவைத் தட்டினார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். சாம்பியன் நினைவுக் குழுவுக்குத் தலைவர். பின்னால் ஒன்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆளுக்கொரு சதுரங்க அட்டையோடு. தலைமையாசிரியர் கையில் அவரே எழுதிய புத்தகம். சாம்பியன் தன் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் மூன்று நாள் அந்தச் சுவரில் தலைசாய்த்து யோசித்தார் என்று அதில் இருக்கிறது. அட்டையில் படம் என்ன? அந்தக் கறைதான்.

மாடியேறியவர் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க... இங்க ஒண்ணு இருந்துச்சே அம்மா?"

"ஆமா சார், எண்ணெய்ப் பிசுக்கு. தொடைச்சுட்டேன்."

"தொடைச்சுட்டீங்களா?"

"இதுக்கு என்ன சார் பெரிய வேலை? நாலே ஒத்து. சோடா இருந்தா போதும்."

"அது சாம்பியன் தலைம்மா!" என்று அவர் அலறியபோது பிள்ளைகளில் ஒன்று அழ ஆரம்பித்துவிட்டது. தெரிந்திருந்தால் தொட்டிருப்பாளா? கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவர் காலில் விழாத குறையாகச் சொன்னாள். இதையும் யாரும் வெளியே சொல்வதில்லை. அவள் திமிராக நின்றாள் என்றுதான் சொல்கிறார்கள்.

அவர்கள் போன பிறகுதான் அவளுக்கு யோசனை ஓடியது. சாம்பியன் செத்து நாற்பது வருஷம். நாற்பது வருஷ எண்ணெய் விரலில் எப்படி வரும்? சுண்ணாம்புக்குள் இறங்கி, கல்லாகி, சுரண்டினால்கூடப் போகாதே? இது நாலு ஒற்றில் போயிற்றே?

அடுத்த வாரம் தலைமையாசிரியர் குழுவோடு வந்தபோது அதைச் சொன்னாள்.

"சார், அது அவரு தலை இல்ல. அது ரெண்டு வருஷக் கறை."

"நீங்க என்ன விஞ்ஞானியாம்மா?" என்றார் குழுவில் ஒருவர்.

"இல்லீங்க. தலையணை உறை வெளுத்தவ."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த, சாம்பியன் இதே மாடியறையில் உட்கார்ந்திருக்கிற படத்தைக் காட்டினாள். "அவரு ஆறடிக்கு மேல. நாற்காலில உக்காந்திருக்கப்பவே தலை ஜன்னல் கட்டைக்கு மேல நிக்குது. கறை இருந்தது கட்டைக்கு ஒரு சாண் கீழ."

தலைமையாசிரியர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், "ஆழ்ந்து யோசிக்கும்போது தலை தாழும்மா. உங்களுக்கு அந்த அனுபவம் இருந்திருக்காது" என்றார். மறுபடியும் சிரிப்பு. கூட நின்ற மகனும் சிரித்தான். கொஞ்சம்தான், உதட்டோரத்தில். அவள் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து பேச்சு தெருவெல்லாம் நாறியது. கடைக்குப் போனால் குசுகுசு. கல்லூரி நூலகத்தில் மகனிடம் யாரோ, "என்னப்பா, உங்கம்மா ராஜாவையே தொடைச்சுட்டாங்களாமே" என்று கேட்டார்களாம். அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவளும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. இந்த வீட்டில் கடைசியாகக் குடியிருந்தவர் பஸ் டிப்போ டைம்கீப்பர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஒரு மத்தியானம் டிப்போவுக்கே போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் குள்ளமாக ஒருவர், தலையில் எண்ணெய் வழிய, அட்டையில் நேரம் குறித்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

"அண்ணே, அந்த வீட்ல உங்க கட்டில் எந்தப் பக்கம் கிடந்துச்சு?"

"மாடியில, கிழக்குச் சுவரோரம். ஏம்மா?"

"உக்காந்தா தலை சுவத்துல படுமா?"

"படாம? வேலை விட்டு வந்தா சாஞ்சு உக்காந்து ரேடியோ கேப்பேன். என் வீட்டுக்காரி கரிச்சுக் கொட்டுவா, சுவத்தை நாசம் பண்றீங்கன்னு. ரெண்டு வருஷம் கொட்டினா. நானும் ரெண்டு வருஷம் சாஞ்சேன்."

"அப்ப அந்த வட்டம்?"

டைம்கீப்பர் பேனாவை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என் மண்டைதாம்மா! அந்த வாத்தியார் பசங்களைக் கூட்டிட்டு வந்து அதைக் காட்டி உருகுவாரு, நான் வெளிய போயி சிரிச்சுட்டு வருவேன். ஒரு பொண்ணு பரீட்சைக்கு முன்னாடி அதுல நெத்தியை வெச்சுட்டுப் போச்சு. பாஸாயிட்டேன்னு வந்து நன்றி வேற சொல்லிச்சு. நானே அவ்வளவு மார்க் எடுத்ததில்ல."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"இதை வந்து அவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்வீங்களா அண்ணே? தெருவுல தலைகாட்ட முடியல."

"சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவேன்? ஞாயித்துக்கிழமை வரேன். நீ தைரியமா போம்மா."

வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் தலைமையாசிரியர் எழுந்து போய்க் கையைப் பற்றி, முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார். "ரெண்டு வருஷம் சாம்பியனுடைய அடையாளத்தைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காத்தவர் இவர்தான். இவரை நம்ம குழுவுக்குத் துணைத்தலைவரா இருக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்." எல்லாரும் கை தட்டினார்கள். கூண்டுக்குள் நேரம் குறித்தே காலம் தள்ளிய மனுஷனுக்கு அதற்கு முன்னால் யார் கை தட்டியிருக்கப்போகிறார்கள்? முகமெல்லாம் பூரித்துப் போயிற்று.

"இந்தம்மா என்னவோ சொல்றாங்க. நீங்க உங்க வாயால சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியர்.

டைம்கீப்பர் தன் கைகளைப் பார்த்தார். "நான் அந்தச் சுவத்துப் பக்கம் கட்டிலே போட்டதில்லீங்க. போடுவேனா? அது எப்பேர்ப்பட்ட இடம்."

"அண்ணே!" என்றாள் அவள். "உங்க வீட்டுக்காரி கரிச்சுக் கொட்டினாங்கன்னு சொன்னீங்களே?"

"அவ எல்லாத்துக்கும்தான் கொட்டுவா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துபோயிற்று. நர்ஸ் படியிறங்கி வந்து கேட்ட வார்த்தை இந்தக் கூடத்தில் காற்றோடு போயிற்று.

அதன் பிறகு ஒரு மாதம் யாரும் வரவில்லை. அடங்கிவிட்டது என்று நினைத்து அவள் மாடியறை ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மகன் வந்து வாசற்படியில் நின்றபடி சொன்னான்.

"அம்மா, கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எதுல?"

"வீட்டை நினைவு இல்லமா ஆக்கறதுக்கு. பேரு நம்ம பேர்லயேதான் இருக்கும். குழு பராமரிக்கும். நாம பின்கட்டுல இருந்துக்கலாம். மாடியும் கூடமும் மட்டும் பார்வையாளருக்கு."

"பின்கட்டா? அங்க வெயில் எட்டிக்கூடப் பாக்காதேடா. யாரைக் கேட்டுப் போட்ட?"

"என் பேர்ல இருக்கற வீட்டுக்கு யாரைம்மா கேக்கணும்?"

சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். அவள் கையில் ஊசி அப்படியே நின்றது. பத்திர ஆபீஸில் கையை இழுத்துக்கொண்டது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அவனைத் திட்ட வாயெடுத்து, அந்த நினைப்பில் அடங்கிப் போனாள்.

அவன்தான் பேசினான். "பதினோரு வருஷமா புத்தகத்துல தூசி தட்டறேன்மா. ஒருத்தன் என்னை சார்னு கூப்பிட்டதில்ல. சலவைக்காரம்மா பையன், அவ்வளவுதான். இப்ப என்னைச் செயலாளரா போடறாங்க. அந்த வாத்தியாரே சார்ங்கறாரு."

"என் கட்டில்?"

"அதை இறக்கிடலாம்."

மருமகள் மட்டும் சமையலறையிலிருந்து வந்து, "அத்தை உயிரைக் கொடுத்து வாங்கின வீடுங்க இது" என்றாள். அவன் முறைத்த முறைப்பில் அவளும் உள்ளே போய்விட்டாள்.

கட்டில் இறங்கியது. ஜன்னலுக்குத் தைத்த திரையை, அந்தக் காலத்துத் திரை இல்லை என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஓர் ஓவியர் வந்தார், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். எதற்கு? கறையைத் திரும்ப வரைய! சிரிக்க வேண்டாம், இது நடந்தது. டப்பாவில் பழுப்புச் சாயமும் வார்னிஷும் கலந்து வைத்துக்கொண்டு நின்றார். புத்தக அட்டையில் கறை மட்டும்தான் இருந்தது. எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு அதில் தடயம் இல்லை. ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். கடைசியில் தலைமையாசிரியர் கீழே இறங்கி வந்து, குரலைக் குழைத்துக் கேட்டார்.

"அம்மா, நீங்கதான் அதைக் கடைசியாப் பாத்தவங்க. எந்த இடம்னு ஒரு கை காட்டினீங்கன்னா..."

"உங்க துணைத்தலைவரைக் கட்டில்ல உக்கார வைங்க சார்" என்றாள் அவள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. "அவரு மண்டை எங்க படுதோ, அங்க வரைங்க."

தலைமையாசிரியர் முகம் சுண்டிப் போயிற்று. ஜன்னல் கட்டைக்கு ஒரு சாண் மேலே வரையச் சொன்னார். படத்தில் சாம்பியன் தலை எங்கே இருந்ததோ, சரியாக அங்கே. தலை தாழும் என்று பாடம் நடத்தியதெல்லாம் அவருக்கே மறந்துவிட்டது. சாயம் காய்ந்ததும் கண்ணாடி போட்டு, முன்னால் கயிறு கட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். விடிந்ததிலிருந்து கார்கள். நுழைவுச்சீட்டு கிழிக்க வாசலில் மேஜை. வீட்டு ஆட்கள் அன்றைக்குப் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று மகன் காலையிலேயே சொல்லியிருந்தான். கொல்லையில் காய்ந்த துணியை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்தாள். அதிகாரி மாடியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்ததும் கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோனாள். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மகனைப் பார்த்துக் கேட்டார்.

"இவங்க?"

மகன் கண் சிமிட்டுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "வீட்டைப் பாத்துக்கறவங்க சார்."

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியருக்கு அவள் யார் என்று தெரியும். டைம்கீப்பருக்குத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சமையலறைக் கதவோரம் மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா" என்று அதிகாரி அவளிடம் அன்பாகச் சொன்னார்.

அவள் தட்டை மேஜையில் வைத்தாள். பின்கட்டுக்குப் போய் இரண்டு புடவை, ஓய்வூதியப் புத்தகம், கண்ணாடி, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டாள். செருப்பை மாட்டினாள். கூடத்து வழியாகவே, விருந்தாளிகளுக்கு நடுவே, முன்வாசலுக்கு வந்தாள். மகன் சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான்.

"அம்மா, எங்க கிளம்பிட்ட? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கத்தானே சீட்டு வாங்கியிருக்காங்க."

"வாய் தவறி வந்துடுச்சும்மா. சத்தியமா."

"வாய் தவறினா திக்கும்டா. உனக்குத் திக்கல."

"சாயங்காலம் பேசிக்கலாம். இப்ப மானத்தை வாங்காத."

"நீ உள்ள போ. ஆளுங்க காத்திருக்காங்க."

அவன் அங்கேயே நின்றான். வெளியே வந்து அவள் கையைப் பிடித்திருக்கலாம், நாலே படிதான். உள்ளேயிருந்து யாரோ "சார்!" என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் போய்விட்டான்.

படிக்குக் கீழே, தெருமுனை வரைக்கும் வரிசை. வெயில் உச்சியில் நின்றது. வரிசையில் இடுப்பில் பெண் குழந்தையோடு நின்ற ஒருத்தி, அவள் உள்ளேயிருந்து வருவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பாத்துட்டீங்களாம்மா? இவ்வளவு நேரம் நின்னு பாக்கற மாதிரி ஏதாவது இருக்கா?"

அவள் நின்றாள். குழந்தையின் நெற்றியில் வழிந்த வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"குழந்தைக்குத் தொப்பி போடும்மா, சுடுது" என்றாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.